காட்டுப் பறவையை வரைய: தருமபுரி, கிருஷ்ணகிரி ஏரிக்கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

கைபேசிப் படத்தைப் பார்த்து வரைவது வேறு, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் பட்டுப்போன மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவையை வரைவது வேறு. அது நமக்காக உட்காரவில்லை. எப்போது கழுத்தைத் திருப்பும், எப்போது தண்ணீரில் இறங்கும் என்று சொல்ல முடியாது. நாலு கோடு போடுவதற்குள் போய்விடும். அப்படிப்பட்ட பறவையை வரைய மூன்று வேண்டும்: அதன் உடம்பு எப்படி அமைந்திருக்கிறது என்ற அறிவு, பார்த்ததைச் சில நொடி மனத்தில் நிறுத்தி வைக்கும் பழக்கம், அதை எதற்காக வரைகிறோம் என்ற தெளிவு. முதல் இரண்டையும் ஓவிய வகுப்பில் சொல்லித் தருவார்கள். மூன்றாவது பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஆனால் களத்தில் எந்தக் கோட்டைப் போடுவது, எதை விடுவது என்று முடிவு செய்வது அந்த மூன்றாவதுதான். அதனால் இந்த வழிகாட்டி அங்கிருந்தே தொடங்குகிறது.

பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். மல்லசந்திரத்துக் கற்திட்டைகளுக்கு (பெருங்கற்காலக் கல்லறைகள்) உள்ளேயும் வெள்ளை ஓவியங்கள் உண்டு. கொஞ்சம் கோடுகள்தான், நிழல் காட்டவில்லை, நுணுக்கம் சேர்க்கவில்லை. ஆனாலும் ஆள் குதிரைமேல் போகிறான் என்பது பார்த்தவுடன் புரிகிறது. வரைந்தவருக்கு எது பெரிதாகப் பட்டதோ அது மட்டும் பாறையில் நின்றிருக்கிறது. பறவை வரையப் போகிறவர்கள் ஒருமுறை அந்தப் பாறையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் ஒரு வரி எழுதுங்கள்

பென்சிலால் கோடு போடும் முன் தாளின் மேல் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். இந்தப் பறவையில் எது உங்களை நிற்க வைத்தது? ‘அழகாக இருந்தது’ என்று எழுதினால் பயனில்லை, அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. ‘பாய்வதற்கு முன் மீன்கொத்தி தலையை மேலும் கீழும் ஆட்டியது’ என்று எழுதலாம். ‘மடையான் வரப்பில் நிற்பதே தெரியவில்லை, பறந்ததும் முழுக்க வெள்ளையாகிவிட்டது’ என்று எழுதலாம். ‘இவ்வளவு பெரிய ஏரியில் ஒரே ஒரு முக்குளிப்பான்’ என்றும் எழுதலாம்.

இந்த மூன்று வரியும் மூன்று வேறு ஓவியங்களைக் கேட்கின்றன. முதல் வரிக்குத் தலை, அலகு, கழுத்து மட்டும் போதும். ஒரே பக்கத்தில் தலையின் மூன்று நிலைகளைப் பெரிதாக வரைந்து, உடம்பையும் கிளையையும் இரண்டு கோட்டில் காட்டிவிடலாம். அங்கே வால் இறகுகளை எண்ணிக்கொண்டிருந்தால் தலையாட்டல் தொலைந்துபோகும். இரண்டாவது வரிக்கு இரண்டு உருவம் வேண்டும்: சேற்று நிறத்தோடு கலந்து விளிம்பே மங்கிப்போன நிற்கும் பறவை ஒன்று, தாளின் வெள்ளையை அப்படியே விட்டு வரைந்த பறக்கும் பறவை ஒன்று. மூன்றாவதில் பறவை கட்டைவிரல் நக அளவுதான் இருக்க வேண்டும். தாளின் மீதி முழுதும் தண்ணீர். முக்குளிப்பானின் கண்ணையும் அலகடிப் புள்ளியையும் நுணுக்கமாகக் காட்ட ஆசைப்பட்டு அதைப் பெரிதாக்கினால், எழுதிய வரி பொய்யாகிவிடும்.

நோக்கம் எப்போதும் உணர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. இனத்தை அடையாளம் காணக் குறிப்பு எடுப்பது முழு மதிப்புள்ள நோக்கம்தான். அதற்குப் பக்கவாட்டுத் தோற்றம், அலகு நிறம், கால் நிறம், கண்ணைச் சுற்றிய கோடு ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும், வெளிச்ச விளையாட்டு வேண்டாம். ஊர்ப் பள்ளிச் சுவரில் ‘இவை நம் ஏரிப் பறவைகள்’ என்று வரைவதானால் பத்தடி தூரத்திலிருந்து ஒரு சிறுமி பார்த்துச் சொல்லும்படி உருவக்கோடு தடிமனாக இருக்க வேண்டும். நோக்கம் மாறினால் பென்சிலின் தடிமன்கூட மாறுகிறது.

பாராட்டை மட்டும் நோக்கமாக வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கங்கள் மெல்ல மெல்ல மயிலும் மீன்கொத்தியுமாகவே நிறையும். உழைப்பைக் காட்டுவதற்காக ஒவ்வொரு இறகிலும் நூறு கோடு ஏறும். பறவை கனத்துப்போய் உட்கார்ந்த இடத்தில் உறைந்துவிடும். கண் பறவையிடமிருந்து நகர்ந்து, பார்க்கப்போகிறவரிடம் போய்விட்டது என்பதுதான் காரணம். இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. ஒரு மாதம் முழுக்க யாரும் கேட்காத பறவைகளை மட்டும் வரையுங்கள்: தவிட்டுக்குருவி, மைனா, காகம், மாடப்புறா. இவற்றில் ஒன்று உங்களை நிறுத்தினால் அந்தக் காரணம் உண்மையானது.

இப்போது கைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நாலு சொல் தட்டினால் மீன்கொத்திப் படம் வந்துவிடுகிறது. வண்ணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது எந்தக் காலையிலும் எந்தக் கரையிலும் அந்தப் பறவைக்காக நின்றதில்லை. எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது என்று தீர்மானிக்க அதற்கென்று ஒரு காரணம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் எண்ணற்ற படங்களிலிருந்து கற்றதைக் கலந்து தருகிறது. கோணலாகப் போட்ட களக்கோட்டில் ஒரு மனிதருக்கு அந்த நேரத்தில் எது முக்கியமாகப் பட்டது என்பது பதிந்திருக்கும். அதற்காகத்தான் கையால் வரைகிறோம்.

எங்கே, எப்போது

தொடங்குகிறவர்களுக்கு ஓசூர் ராமநாயக்கன் ஏரி போன்ற ஊர் ஏரிகள் ஏற்றவை. ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய பறவைகள் கொஞ்சம் கிட்டே விடும். கெலவரப்பள்ளி அணை, கே.ஆர்.பி. அணை, பாரூர் பெரிய ஏரி, பாலக்கோட்டுக்கு அப்பால் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை ஆகியவற்றில் பறவை அதிகம், தூரமும் அதிகம். பைனாகுலர் இல்லாமல் பயனில்லை. ஒகேனக்கல்லில் அருவிப் பக்கக் கூட்டத்தை விட்டு விலகி, பாறை மேல் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்தும் இடங்களைத் தேடுங்கள். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் (2014-இல் அறிவிக்கப்பட்டது) இரண்டு மாவட்டங்களிலும் விரிந்திருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். அஞ்செட்டி, தளி பக்கக் காடுகளில் யானை உண்டு. தாளில் கண்ணைப் பதித்து உட்காரும் வேலைக்கு அது இடமில்லை.

இவை எல்லாவற்றையும்விட நல்ல மாதிரிகள் சாலையோர மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கின்றன. கரிச்சான், பனங்காடை, பஞ்சுருட்டான், வெண்மார்பு மீன்கொத்தி நான்கும் ஒரே இடத்துக்குத் திரும்பித் திரும்பி வரும். போன பறவை அதே கம்பிக்கு அதே கோணத்தில் வந்து உட்காரும்போது பாதியில் விட்ட படத்தைத் தொடரலாம். இந்த வாய்ப்பு ஏரியில் அரிது.

வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். காலையில் ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே பாருங்கள், மாலையில் மேற்குக் கரையிலிருந்து கிழக்கே. விடிந்து இரண்டு மணி நேரமும், மாலை நாலு மணிக்கு மேலும் சரியான வேளை. வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் மேல் கானல் அலைந்து, பைனாகுலரில் கால்களும் கழுத்தும் நெளியும். அப்போது வரைந்த அளவுகள் தப்பாகத்தான் வரும்.

மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி அசையாமல் நின்றால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பத்தடி பின்வாங்குங்கள், அல்லது உட்கார்ந்துவிடுங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ தரையில் இருக்கிறது. காலடி பார்த்து அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். பதறிய பறவையை வரைந்தால் அந்தப் பதற்றம்தான் படமாகும், இயல்பு வராது. கீழே கிடக்கும் இறகை எடுத்து வந்து சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் (1972) இதில் கண்டிப்பானது. கிடந்த இடத்திலேயே வைத்து வரைந்துவிட்டு வாருங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

அதிகம் வேண்டாம். ஏ5 அளவு ஸ்கெட்ச் புக், அட்டை கெட்டியானது. பென்சிலுக்கு 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாள், நீர்வண்ணம் தொடுவதானால் 200-க்குக் குறையாமல், முடிந்தால் 300. எச்பி, 2பி, 4பி பென்சில் ஒவ்வொன்று. கறுப்பு பால்பாயிண்ட் பேனா ஒன்று. அழிக்க முடியாது என்பதாலேயே கை துணிவு பெறும். அணைக்கரைக் காற்றுக்குத் தாளைப் பிடிக்க இரண்டு பைண்டர் கிளிப். 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். 10×42-இல் பறவை பெரிதாகத் தெரிந்தாலும் கைநடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும், ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வரைவது சிரமம். பன்னிரண்டு வில்லை நீர்வண்ணப் பெட்டி, பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை ஒன்று. ரப்பரை வீட்டிலேயே வையுங்கள். களத்தில் அழிக்கும் நேரத்தில் பக்கத்தில் இன்னொரு படம் போட்டுவிடலாம்.

பறவையின் உடம்பு

களத்தில் ஏற்படும் பிழைகளில் பெரும்பாலானவை கண்ணால் வந்தவை இல்லை. இறகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் வந்தவை.

காலைப் பாருங்கள். கொக்கின் காலில் நடுவே பின்புறமாக மடங்கும் இடத்தை முழங்கால் என்று நினைத்து வரைகிறோம். அது கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றுப் பக்க இறகுக்குள் ஒளிந்து, நம்மைப்போலவே முன்பக்கம் மடங்கி இருக்கிறது. இது தெரியாமல் வரைந்தால் கால் உடம்பின் நடுவிலிருந்து குச்சி செருகியதுபோல் இறங்கும். தொடை இறகுக்குள் முன்னோக்கிப் போய், அங்கிருந்து கெண்டைப் பகுதி பின்னோக்கி வந்து, கணுவிலிருந்து மறுபடி முன்னோக்கி இறங்குகிறது என்று மனத்தில் வையுங்கள். நின்றுகொண்டிருக்கும் பறவையில் பாதம் உடம்பின் கனத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பென்சிலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாதத்திலிருந்து மேலே போகும் கோடு உடம்பின் பருத்த பகுதி வழியாகப் போகவில்லை என்றால் உங்கள் பறவை முகங்குப்புற விழும்.

விரல்கள் பெரும்பாலான பறவைகளுக்கு மூன்று முன்னே, ஒன்று பின்னே. கிளி, மரங்கொத்தி, குக்குறுவான், குயில், செண்பகம் ஆகியவற்றுக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் முன் விரல்கள் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும். கால் மிகக் குட்டை, கம்பியில் உட்கார்ந்தால் பாதம் இருப்பதே தெரியாது. தெரியாததை வரையாதீர்கள்.

அடுத்து சிறகு. நம் கையைப்போல மேல்கை, முன்கை, விரல் பகுதி என்று மூன்று. விரல் பகுதியிலிருந்து கிளம்பும் நீண்ட இறகுகள் முதன்மை இறகுகள். பெரும்பாலான பறவைகளில் ஒன்பது அல்லது பத்து. முன்கையிலிருந்து கிளம்புபவை இரண்டாம் வரிசை. சிறகை மடக்கும்போது விசிறியை மூடுவதுபோல முதன்மை இறகுகள் இரண்டாம் வரிசைக்கு அடியில் போய்விடும். உட்கார்ந்த பறவையில் முதன்மை இறகுகளின் நுனிகள் மட்டும் வால் தொடங்கும் இடத்தில் எட்டிப்பார்க்கும். அந்த நுனி எவ்வளவு நீளம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். தகைவிலானுக்கு நீளம், தவிட்டுக்குருவிக்கு மிகக் குறைவு. இந்த ஒரு அளவைச் சரியாகப் பிடித்தால் பாதி அடையாளம் வந்துவிடும். மார்பின் பக்கவாட்டு இறகுகள் மடக்கிய சிறகின் முன் விளிம்பை மூடும், தோள் இறகுகள் மேல் விளிம்பை மூடும். சிறகை உடம்பின் மேல் ஒட்டிய தகடாக வரைவதுதான் தொடக்கக்காரர்களின் பொதுப் பிழை. அது உடம்புக்குள் பாதி புதைந்திருக்கிறது.

வாலில் பெரும்பாலும் 12 இறகு; கரிச்சானுக்கு 10. மேலிருந்து பார்த்தால் நடு இறகுகள் மேலே, கீழிருந்து பார்த்தால் ஓர இறகுகள் தெரியும். கம்பியில் இருக்கும் பறவையை நாம் கீழிருந்துதான் பார்க்கிறோம் என்பதை மறந்து, புத்தகப் படத்தில் பார்த்த மேல்பக்க வாலைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறோம்.

தலையில் கண்ணின் இடம் முக்கியம். அலகின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் பெரும்பாலும் கண்ணுக்குச் சற்றுக் கீழே போகும். கண்ணை உச்சிக்கு ஏற்றி வைத்தால் பறவை பொம்மையாகிவிடும். அலகு முகத்தில் செருகிய முள் இல்லை, மண்டை ஓட்டின் நீட்சி. நெற்றியிலிருந்து அது எந்தச் சரிவில் இறங்குகிறது என்று பாருங்கள். பெரிய வெள்ளைக் கொக்கில் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். மற்ற வெள்ளைக் கொக்குகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட இந்தக் கோடு ஒன்றே போதும்.

களத்தில், வரிசையாக

1. ஐந்து நிமிடம் வரையாதீர்கள். எந்தெந்த நிலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள். மடையானுக்குக் குறுகி நிற்பது, எட்டிப் பார்ப்பது, குத்துவது என்று மூன்று நான்கு நிலைகள்தான் உண்டு. பிறகு உங்கள் வரியை எழுதுங்கள்.

2. உடம்பின் சாய்வுக்கு ஒரு கோடு போடுங்கள். உச்சந்தலையிலிருந்து வால் நுனி வரை. வாலாட்டிக்கு அது கிட்டத்தட்டப் படுக்கை, கரிச்சானுக்குச் செங்குத்துக்குப் பக்கம். இந்தக் கோடு தவறினால் பிறகு போடும் எதுவும் காப்பாற்றாது.

3. அதன்மேல் உடம்புக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம். இரண்டுக்கும் உள்ள அளவுப் பொருத்தத்தைப் பாருங்கள். எல்லோரும் தலையைப் பெரிதாகப் போடுகிறோம், கண் அங்கே போவதால். தலை எத்தனை முறை உடம்பின் நீளத்தில் அடங்குகிறது என்று பென்சிலை நீட்டி அளந்துகொள்ளுங்கள்.

4. அலகின் கோணம், நீளம். தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். வெண்மார்பு மீன்கொத்திக்கு அலகு தலையைவிட நீளம், மைனாவுக்குக் குறைவு.

5. பறவைக்கும் கிளைக்கும், வாலுக்கும் காலுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரையுங்கள். பறவையின் கோட்டைவிட வெற்றிடத்தின் வடிவம் கண்ணை ஏமாற்றாது.

6. பறவை நிலை மாறினால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் அடுத்ததைத் தொடங்குங்கள். பழைய நிலைக்கு அது திரும்பும்போது முதல் படத்துக்குத் திரும்பலாம். ஒரு பக்கத்தில் ஆறு ஏழு அரைகுறைப் படங்கள் இருப்பது நல்ல களப் பக்கம்.

7. கண், அதன் ஒளிப்புள்ளி, நிழல் எந்தப் பக்கம் என்பதைக் கடைசியில் வையுங்கள். நிறங்களைச் சொல்லாக எழுதி அம்புக்குறி போடுங்கள்: ‘முதுகு, தவிட்டு நிறம், ஓரம் வெளிறியது.’

பறந்துபோகும் பறவைக்கு இந்த முறை செல்லாது. அதற்கு நினைவுப் பயிற்சி ஒன்றுதான் வழி. பதினைந்து நொடி பாருங்கள், கண்ணை மூடுங்கள், மூடிய கண்ணுக்குள் உருவம் நிற்கிறதா என்று சோதியுங்கள், பிறகு பறவையைப் பார்க்காமல் வரையுங்கள். தொடக்கத்தில் கழுத்தும் வாலும் மட்டும்தான் நினைவில் நிற்கும். நின்றதை மட்டும் வரையுங்கள், இல்லாததை ஊகித்து நிரப்பாதீர்கள். பறத்தலில் ஒரு விதி கைகொடுக்கும்: கொக்கும், சாம்பல் நாரை போலப் பெயரில் நாரை என்றிருந்தாலும் கொக்கு இனத்தைச் சேர்ந்தவையும் கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும், நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் அரிவாள் மூக்கனும் கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும்.

பறவைக்குப் பறவை

*மடையான்.* சாதாரண நாளில் பழுப்புக் கோடுகள் நிறைந்த முதுகும் கழுத்தும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகும். கழுத்தை உள்ளிழுத்து நிற்கும்போது கழுத்தே இல்லாத பறவைபோல் தெரியும். அந்தக் குட்டை உருவத்தை நம்பி வரையுங்கள். நீளக் கழுத்து உள்ளே இருக்கிறது என்ற அறிவை வைத்து அதை வெளியே இழுக்காதீர்கள்.

*பாம்புத்தாரா, நீர்க்காகம்.* இரண்டும் சிறகு விரித்து உலர்த்தும். இரண்டையும் குழப்பிக்கொள்வது சாதாரணம். பாம்புத்தாராவின் அலகு குத்தூசி போல நேராக முடியும், நீர்க்காகத்தினுடையது நுனியில் கொக்கியாக வளையும். பாம்புத்தாராவின் கழுத்தில் ஓர் இடத்தில் முறிந்ததுபோல் திடீர் வளைவு உண்டு. அதை மென்மையான வளைவாக்கினால் அது வேறு பறவை. தோளில் வெள்ளிக் கோடுகள். அவற்றைத் தாளின் வெள்ளையாக விட்டுச் சுற்றிலும் கறுப்பை நிரப்ப வேண்டும்.

*கரிச்சான்.* கறுப்பு என்பதால் பலர் மொத்தமாகக் கறுப்பை அப்பிவிடுகிறார்கள். தாளில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து வரும் கருமையை வெயில் படும் முதுகில் மெலிதாக, வயிற்றில் அடர்த்தியாகப் போடுங்கள். வாய் ஓரத்தில் சின்ன வெள்ளைப் புள்ளி. வாலின் பிளவு ஓரங்களில் சற்று வெளிப்புறமாக வளையும்.

*பனங்காடை.* உட்கார்ந்திருக்கும்போது இது நீலப் பறவை இல்லை. மார்பு செம்பழுப்பு, வெளிறிய கீற்றுகளோடு. சிறகு விரியும்போதுதான் நீலம் பட்டைபட்டையாகத் திறக்கிறது. உட்கார்ந்த பறவையையே முழு நீலமாகத் தீட்டிவிட்டால் பறக்கும்போது காட்ட ஒன்றும் மிஞ்சாது. இந்த நீலமும் மீன்கொத்தியின் நீலமும் சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. அதனால் எதிர்வெளிச்சத்தில் மங்கிப்போகும். கண்ணில் பட்ட மங்கலை அப்படியே தீட்டுவதுதான் நேர்மை.

*வெள்ளைக் கொக்குகள்.* வெள்ளையை வெள்ளை வண்ணத்தால் போட முடியாது. பின்னணியை முதலில் போட்டால் கொக்கு தானாக வெளிவரும். நிழல் பக்கத்துக்கு நீலச் சாம்பல் மெலிதாக; அதில் கீழே உள்ள நெல்லின் பச்சையோ சேற்றின் பழுப்போ ஒரு துளி கலந்தால் பறவை அந்த வயலில் நிற்கும். சின்னக் கொக்கின் கால் கறுப்பு, பாதம் மஞ்சள். பாதம் தண்ணீருக்குள் இருந்தால் அந்த மஞ்சளை வரையாதீர்கள்.

*மஞ்சள் தொண்டைச் சின்னான்.* தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளுக்கே உரிய பறவை; நம் பக்கத்துக் கருங்கல் குன்றுகளும் முட்புதரும் அதற்கு ஏற்ற வாழிடம். கூச்சம் அதிகம், நேரம் தராது. இதற்குப் பாறையை முதலில் நிதானமாக வரைந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். வந்தால், நினைவிலிருந்து அந்தப் பாறையின் மேல் அளவு சரியாக உட்கார வையுங்கள். சின்னானின் உருவத்தை ஊரில் இருக்கும் செம்பிட்டச் சின்னானை வரைந்து முன்கூட்டியே பழகியிருந்தால்தான் இது நடக்கும்.

வீட்டில் முடிப்பது

களப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு நிலையைத் தேர்ந்தெடுங்கள். எது நன்றாக வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாம். மேலே எழுதிய வரிக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள். பல நேரம் கோணலான படம்தான் பொருந்தும்.

அஞ்சல் அட்டை அளவில் மூன்று நான்கு சிறு வரைவுகள் போட்டு, பறவை தாளில் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பறவை பார்க்கும் திசையில் இடம் விடுவது பொதுவழக்கம். புகைப்படத்தைச் சந்தேகம் தீர்க்க மட்டும் எடுங்கள்: காலின் செதில், சிறகு மூடு இறகுகளின் வரிசை. நிலையைப் புகைப்படத்திலிருந்து எடுத்தால் சிறகடிப்பின் நடுவில் கண்ணுக்கே படாத ஒரு கணம் தாளில் வந்து உட்கார்ந்து, பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும்.

வண்ணத்தை வெளிறியதிலிருந்து அடர்த்திக்குக் கொண்டுபோங்கள். தருமபுரிச் சித்திரை வெயிலில் வண்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்து ஓரங்களில் கோடு விழும். தாளை முதலில் தண்ணீரால் நனைத்துக்கொண்டு, நிழலில், சிறுசிறு பகுதியாகச் செய்யுங்கள். ஓசூர் மார்கழிக் காலையில் இதற்கு நேர்மாறு: காயவே காயாது, அடுத்த பூச்சு போட்டால் கீழே உள்ளது கரைந்து கலங்கும். பொறுமையாகக் காத்திருங்கள், வேறு வழியில்லை.

முடிக்கும் முன் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். சாய்வுப் பிழை, கண் இடம் தவறியது எல்லாம் இடம்வலம் மாறியதும் பளிச்சென்று தெரியும். எழுதிய வரிக்குத் தொடர்பில்லாத நுணுக்கம் எங்காவது கண்ணை இழுத்தால் அதை ஒரு மெல்லிய நிழலால் அடக்குங்கள். இந்த அடக்குதல் கடினம், ஏனென்றால் பெரும்பாலும் அதுதான் நீங்கள் அதிக நேரம் செலவழித்த இடமாக இருக்கும்.

பென்சில் படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் படியும். ஒவ்வொரு பக்கத்திலும் நாள், நேரம், இடம், தோராயத் தூரம் எழுதுங்கள்.

எந்த மாதத்தில் எதைத் தொடங்குவது

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏரிகளில் தண்ணீரும் வலசைப் பறவைகளும் இருக்கும்: நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான்கள், வாலாட்டிகள். மாந்தோப்புகளில் மாங்குயில் வரும். மிதக்கும் வாத்து அதிகம் நிலை மாறாது என்பதால் புதியவர்கள் இங்கே தொடங்கலாம். வாத்து தண்ணீரின் மேல் வைத்ததுபோல் இருக்கக்கூடாது; எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பாருங்கள், முக்குளிப்பானும் நீர்க்காகமும் இன்னும் தாழ்வாக மிதக்கும். மார்ச் முதல் மே வரை நீர் சுருங்கி, மிச்சக் குட்டைகளில் நாரைகளும் கொக்குகளும் நெருங்கி நிற்கும். கூட்டத்தின் வடிவத்தை வரையப் பழக ஏற்ற காலம், காலை எட்டரைக்கு மேல் நிற்க முடியாது.

மழை பிடித்ததும் உழவுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரும், தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் ஏறி. கிணற்றோரப் பனையிலும் ஈச்சையிலும் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கும். முப்பதடிக்குக் குறையாத தூரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள். ஆண் குருவி முதலில் ஓலையில் நார் முடிச்சு போடும், பிறகு வளையம், பிறகு கவிழ்த்த தலைக்கவச வடிவம். அந்த நிலையில் பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் முட்டை அறையும் நீண்ட வாயிற்குழலும் முழுமை பெறும். ஏற்காத கூடுகள் பாதியிலேயே தொங்கும். ஒரே மரத்தை வாரம் ஒருமுறை, ஒரே தாளில், ஒரே அளவில் பக்கம் பக்கமாக வரைந்து வாருங்கள். ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, எது நின்றுபோனது, எது வளர்ந்தது என்று அடியில் குறித்துக்கொள்ளுங்கள்.